கணினி கேள்வி பதில்: கடிகாரம் தேடும் கேர்னல்

கணினி இயங்கத் தொடங்கும் முதல் ஓரிரு செக்கன்களில் கேர்னல் (பணிசெயல் முறைமையின் கருப்பகுதி) செய்து முடிக்கும் வேலைகளுள், தனக்கென ஒரு கடிகாரத்தைத் தேடிக்கொள்வதும் ஒன்று. அந்தத் தேடல் பிழைத்துப்போவது பற்றிய கடிதங்கள் மலையகத்தின் பல ஊர்களிலிருந்து சேர்ந்திருப்பதால், இவ்விதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எமது பாடசாலைக் கணினி அறைக்கு நலன்விரும்பிகள் தந்த பழைய மேசைக் கணினிகளில் லினக்ஸ் நிறுவியிருக்கிறோம். அவற்றுள் சில, தொடங்கிய சிறிது நேரத்தில் ‘டிஎஸ்சி நிலையற்றது’ என்ற செய்தியைக் காட்டிவிட்டு எச்பெட் என்பதற்கு மாறுகின்றன. ஒரு கணினியில் எச்பெட்டும் அகப்படவில்லை. அது மிகவும் மெதுவாக இயங்குகிறது. மதர்போர்ட் பழுதா? மாற்ற வேண்டுமா?
— ஓர் ஆசிரியை, பண்டாரவளை

பதில்: மதர்போர்ட்டை மாற்றும் முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பெரும்பாலான கணினிகளில் கேர்னல் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது. ஒன்றில் மட்டும் பயோஸ் (கணினி இயங்கியதும் முதலில் ஓடும், மதர்போர்ட்டிலேயே உள்ள மென்பொருள்) அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நாம் பாவிக்கும் மேசைக் கணினியில் நேரத்தை அளக்கும் வன்பொருள் ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையும் புதிய ஒன்றைச் சேர்த்ததே தவிரப் பழையதை எடுத்துவிடவில்லை. 1981 இல் ஐபிஎம் வெளியிட்ட பீசியில் 8253 என்ற டைமர் சிப் இருந்தது. அதன் வழிவந்த 8254 இன்றும் சிப்செட்டுக்குள் (புரோசசரையும் மற்றப் பாகங்களையும் இணைக்கும் சிப்புகள்) இருக்கிறது. அது செக்கனுக்கு ஏறத்தாழ 1,193,182 தடவை எண்ணும். வண்ணத் தொலைக்காட்சித் துறையில் புழங்கிய 14.31818 மெகாஹேர்ட்ஸ் பளிங்கின் மீடிறனை 12 ஆல் வகுத்ததால் வந்த எண் அது. அதே மீடிறனை 4 ஆல் வகுத்து 3.579545 மெகாஹேர்ட்ஸில் ஓடுவது, வன்பொருள் விவரங்களைப் பயோஸ் அட்டவணைகளாகக் கேர்னலுக்குத் தரும் முறையான ஏசிபிஐ தரத்தோடு வந்த பிஎம் டைமர். 1993 இல் வெளிவந்த பென்டியம் புரோசசரின் உள்ளேயே அமைக்கப்பட்ட டைம் ஸ்டாம்ப் கவுண்டர்தான் உங்கள் திரையில் தெரிந்த டிஎஸ்சி. இவற்றுக்குப் பின்னர் இன்டெல்லும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து வகுத்ததே எச்பெட் என்ற உயர்துல்லிய டைமர். குறைந்தது 10 மெகாஹேர்ட்ஸில் அது ஓட வேண்டும் என்பது விதி.

லினக்ஸ் கேர்னல் இவற்றுக்குத் தரப்புள்ளிகள் வைத்திருக்கிறது: டிஎஸ்சிக்கு 300, எச்பெட்டுக்கு 250, பிஎம் டைமருக்கு 200, 8254 க்கு 110. அகப்பட்டவற்றுள் கூடிய புள்ளி உடையதைத் தேர்ந்தெடுக்கும்; ஆனால் தேர்ந்தெடுத்ததைக் கண்மூடி நம்பிவிடாது. அரைச் செக்கனுக்கு ஒரு தடவை டிஎஸ்சியின் ஓட்டத்தை எச்பெட்டோடோ பிஎம் டைமரோடோ ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொழுந்து மடுவத்தில் ஒரு தராசில் ஐயம் எழுந்தால், அதே சாக்கை இன்னொரு தராசில் ஏற்றிப் பார்ப்பது போன்ற காரியம் இது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தெரியுமே தவிர, பிழை எதனிடம் என்பதை அந்த ஒப்பீடு மட்டும் சொல்லிவிடாது. கேர்னல் டிஎஸ்சியையே குற்றவாளியாக எடுத்துக்கொண்டு அதை ஒதுக்கிவைக்கிறது. உங்கள் கணினிகள் காட்டிய செய்தியின் பொருள் இவ்வளவுதான்.

பழைய கணினிகளில் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் நியாயமானதே. ஆரம்பகாலப் புரோசசர்களில் வேகம் கூடிக் குறையும்போது டிஎஸ்சியும் கூடிக் குறைந்தது; புரோசசர் ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போனால் நின்றும் போனது. புரோசசரின் இயல்புகளைக் காட்டும் கோப்பைத் திறந்து, ‘கொன்ஸ்டன்ட் டிஎஸ்சி’, ‘நொன்ஸ்டொப் டிஎஸ்சி’ ஆகிய இரண்டு கொடிகளும் (இயல்பைக் குறிக்கும் சொற்கள்) அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் கேர்னல் செய்தது சரி. அந்தக் கணினியை எச்பெட்டிலேயே ஓடவிடுங்கள். இரண்டும் இருந்தும் செய்தி வருகிறது என்றால், ஒப்பிடப்பட்ட மற்றக் கடிகாரத்தையும் சந்தேகிக்க வேண்டும். இன்டெல்லின் கோஃபி லேக் வகைக் கணினிகளில் உறங்கும்போது எச்பெட் நின்றுவிட்டதால் குற்றமற்ற டிஎஸ்சி ஒதுக்கப்பட்டது. 2019 இல் லினக்ஸ் கேர்னலில் செய்யப்பட்ட திருத்தம், அந்த வகைகளில் எச்பெட்டைப் பாவிப்பதையே நிறுத்தியது. எனவே கேர்னலைப் புதுப்பிப்பது, எந்தத் திருகாணியையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

மெதுவாக ஓடும் கணினியைப் பற்றி. அதில் டிஎஸ்சி ஒதுக்கப்பட்டு எச்பெட்டும் கிடைக்காததால், பிஎம் டைமர் பொறுப்பேற்றிருக்கிறது. டிஎஸ்சியைப் படிப்பது புரோசசருக்குள்ளேயே முடிந்துவிடும் வேலை. பிஎம் டைமரைப் படிக்கவோ, கேள்வி சிப்செட் வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு மைக்ரோசெக்கன் அளவு பிடிக்கும். சில பழைய சிப்செட்டுகளில் எண்ணிக்கை மாறும் கணத்தில் படித்தால் பிழையான பெறுமானம் வருமாதலால், கேர்னல் மூன்று தடவை படித்து ஒப்பிட்ட பின்னரே நம்பும். உலாவி போன்ற மென்பொருள்கள் ஓயாமல் நேரத்தைக் கேட்பவை. அவற்றில்தான் இந்தத் தாமதம் உறைக்கும். ஆயினும் ‘மிகவும் மெதுவாக’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. நினைவகத்தின் அளவையும் வன்தட்டின் நலத்தையும் கூடவே பாருங்கள்.

எச்பெட் அகப்படாததற்கு மிகச் சாதாரணமான காரணம், சிப் இருந்தும் பயோஸ் அதை மறைத்துவைத்திருப்பது. பயோஸ் ஏசிபிஐ அட்டவணையில் எழுதித் தந்தால்தான் கேர்னலுக்கு அது தெரியவரும். பயோஸ் அமைப்புக்குள் சிப்செட் அல்லது மின்முகாமைப் பகுதியில் எச்பெட் என்ற தெரிவு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். அப்படியொரு தெரிவே இல்லை என்றால், ‘எச்பெட்=ஃபோர்ஸ்’ என்ற துவக்கத் தெரிவைக் கேர்னலுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். இன்டெல் ஐசிஎச் போன்ற, எந்த பிட்டைத் திருப்பினால் எச்பெட் விழித்துக்கொள்ளும் என்று கேர்னலுக்குத் தெரிந்த சிப்செட்டுகளில் மட்டுமே அது பலிக்கும். மாற்றிய பின், சிஸ் கோப்புறைக்குள் டிவைசஸ், சிஸ்டம், கிளாக்சோர்ஸ் என இறங்கிச் சென்றால், கிடைக்கக்கூடிய கடிகாரங்களின் பட்டியலும் இப்போது பாவனையில் உள்ளதன் பெயரும் இரண்டு சிறு கோப்புகளில் இருக்கும். அங்கே எச்பெட் தோன்றியிருந்தால் வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘டிஎஸ்சி=ரிலையபிள்’ என்று கொடுத்தால் செய்தி மறைந்துவிடும், கணினியும் விரைவாகும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். அந்தத் தெரிவு டிஎஸ்சியைத் திருத்துவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் காவலைத்தான் நிறுத்துகிறது. டிஎஸ்சி உண்மையிலேயே பிசகும் கணினியில் அதன் பிறகு கோப்புகளின் நேரங்கள் முன்பின்னாகும்; காரணம் மட்டும் எவருக்கும் தெரியாது. மாணவர் பாவிக்கும் கணினியில் அப்படிச் செய்வது சரியல்ல.

கேள்வி: பனி விழும் மாதங்களில், காலையில் கணினியை இயக்கும்போது மட்டும் ‘விரைவு டைமர் அளவீடு தோல்வி’ என்று வருகிறது. பகலில் திரும்ப இயக்கினால் வருவதில்லை. குளிரில் கடிகாரப் பளிங்கு மெதுவாகிவிடுகிறதா?
— நுவரெலியா

பதில்: பளிங்கு மெதுவாவது உண்மை, ஆனால் அது இந்தச் செய்தியை வரவழைக்கும் அளவுக்கு இல்லை. நாள், நேரத்தைக் காக்கும் 32,768 ஹேர்ட்ஸ் பளிங்கை எடுத்துக்கொள்வோம். அது 25 பாகை செல்சியஸ் அளவில்தான் தன் சரியான வேகத்தில் ஓடும். அங்கிருந்து விலகும் பாகைகளின் வர்க்கத்தை 0.034 ஆல் பெருக்கினால் வருவது, பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு பின்தங்கும் என்ற அளவு. உங்கள் அறை 5 பாகைக்கு இறங்கினால் வேறுபாடு 20 பாகை; கணக்கிட்டால் பத்து இலட்சத்தில் 13.6 பங்கு. ஒரு நாள் முழுவதும் அதே குளிர் நீடித்தாலும் இழப்பு 1.2 செக்கன் அளவுதான். கேர்னல் அளவிடும்போது பாவிக்கும் முதன்மைப் பளிங்கு வேறு வகையைச் சேர்ந்தது. குளிர் அதைப் பாதிப்பதும் சொற்பமே.

காலைக்கும் பகலுக்கும் இடையில் வெப்பநிலையைத் தவிர இன்னொரு வேறுபாடு உண்டு. காலையில் நீங்கள் முழுவதும் அணைந்திருந்த கணினியை இயக்குகிறீர்கள்; பகலில் பெரும்பாலும் ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். இரண்டிலும் பயோஸ் ஒரே பாதையில் போவதில்லை. ஆகவே, நண்பகலில் கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு, பின்னர் இயக்கிப் பாருங்கள். அப்போதும் செய்தி வந்தால் குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. வராவிட்டால், மின்வழங்கிப் பெட்டியில் உள்ள பழைய மின்பகுப்புக் கொள்ளளவிகளைச் சந்தேகிக்கலாம். குளிரில் அவற்றின் உட்தடை உயர்கிறது, ஆண்டுகள் சென்ற கொள்ளளவிகளில் அது கூடுதலாகத் தெரியும்.

செய்தியின் பொருளையும் சொல்லிவிடுகிறேன். கேர்னல் 8254 ஐ வைத்துச் சில மில்லிசெக்கன்களுக்குள் டிஎஸ்சியின் வேகத்தை அளக்க முயல்கிறது. அந்த இடைவெளியில் பயோஸ் தன் சொந்த வேலைக்காகப் புரோசசரைப் பறித்துக்கொண்டால், எடுத்துக்காட்டாக யூஎஸ்பி விசைப்பலகையைப் பழைய விசைப்பலகை போலக் காட்டுவதற்காக அப்படிச் செய்தால், அளவு கெட்டுவிடும். கேர்னல் அதை உணர்ந்து, எச்பெட்டையோ பிஎம் டைமரையோ வைத்து நீண்ட அளவீட்டைச் செய்துகொள்கிறது. அடுத்த வரிகளில் புரோசசரின் வேகம் மெகாஹேர்ட்ஸில் சரியாகக் காட்டப்பட்டிருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

கேள்வி: கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் புதிய சிறு பீசியில் பழைய லினக்ஸ் வட்டு ஒன்றை ஏற்றினால், ‘ஐஓ ஏபிக்கும் டைமரும் இயங்கவில்லை’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. விண்டோஸ் நன்றாக ஓடுகிறது. வன்பொருளில் பழுது இருக்குமா?
— ஹட்டன்

பதில்: பழுது இல்லை. பழைய கேர்னல், எல்லாப் பீசியிலும் 8254 ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில், அதன் இன்டரப்ட், அதாவது புரோசசரைக் கூப்பிடும் சமிக்ஞை, அத்தகைய சமிக்ஞைகளைப் பிரித்தனுப்பும் ஐஓ ஏபிக் வழியாக வந்துசேர்கிறதா என்று சோதிக்கிறது. புதிய சிப்செட்டுகள் சிலவற்றில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பயோஸ் அந்த 8254 க்குப் போகும் துடிப்பையே நிறுத்திவைக்கிறது. எண்ணாத டைமரிலிருந்து சமிக்ஞை வராது. கேர்னல் பல வழிகளில் முயன்று, கடைசியில் கைவிட்டு நின்றுவிடுகிறது. 2019 இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, தேவையில்லாத புதிய கணினிகளில் 8254 ஐத் தொடாமலே கடந்துபோகும்படி கேர்னல் திருத்தப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்திய வட்டு ஒன்றைப் பாவியுங்கள்.

திரையில் அந்தச் செய்தியே ‘நோஏபிக்’ என்ற தெரிவைக் கொடுத்துப் பார்க்கும்படி சொல்லும். அது நோயை அறிவதற்கு உதவும். ஆனால் அதை நிரந்தரமாக்கி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட வேண்டாம். இன்டரப்ட் சமிக்ஞைகள் எல்லாம் பழைய, நெருக்கடியான வழியில் போகத் தொடங்கும். வலையமைப்பு அட்டையோ ஒலி அட்டையோ பின்னர் ஒருநாள் சண்டித்தனம் செய்யும். இதே செய்தி பழைய கணினி ஒன்றில் வந்தால் விளக்கம் வேறு: டைமரின் சமிக்ஞை ஐஓ ஏபிக்கின் எந்தக் காலுக்குப் போகிறது என்பதைப் பயோஸ் தன் அட்டவணையில் பிழையாக எழுதியிருக்கும். அங்கே பயோஸைப் புதுப்பிப்பதே முறை.

கேள்வி: என் கணினியின் நேரம் அடிக்கடி பிழையாகிறது. கேர்னல் டைமரைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். எப்படி உறுதிசெய்வது?
— நாவலப்பிட்டி

பதில்: எவ்வளவு பிழை, எப்போது பிழை என்று கவனியுங்கள், அதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

மிகச் சரியாக ஐந்தரை மணித்தியாலம் வேறுபட்டால், அது விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பதன் விளைவு: விண்டோஸ் மதர்போர்ட்டின் கடிகாரத்தில் இலங்கை நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக வாசிக்கிறது. சரியாக அரை மணித்தியாலம் வேறுபட்டால், பணிசெயல் முறைமை புதுப்பிக்கப்படாத பழையது. இலங்கை 1996 இல் தன் நேரத்தை முதலில் ஆறரை மணித்தியாலத்துக்கும், அதே ஆண்டில் பின்னர் ஆறு மணித்தியாலத்துக்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த இடைக்காலத்தில் வந்த மென்பொருள்கள் ஆறு மணித்தியாலத்தையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போய் வந்தபின் மட்டும் ஆண்டு பல வருடம் பின்னே போனால், சிஆர்2032 பட்டறி தீர்ந்துவிட்டது. இடிமின்னல் மாதங்களில் செருகியைக் கழற்றிவைக்கும் நம் வீடுகளில் இது சீக்கிரமே தெரியவரும். அந்தப் பட்டறி தீர்ந்தால் பயோஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். நேற்றுவரை இருந்த எச்பெட் இன்று காணாமற்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மணிக்கு மணி சீராகப் பின்தங்கியோ முந்தியோ போனால்தான் கேர்னலின் டைமர் அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டும். இணையத்தோடு நேரம் ஒத்திசைவதை நிறுத்திவிட்டு, கைபேசியின் நேரத்தோடு ஒரு மணித்தியாலம் ஒப்பிடுங்கள். பல செக்கன்கள் வேறுபட்டால், பண்டாரவளை ஆசிரியைக்குச் சொன்ன வழியில் போங்கள்.

கேள்வி: பட்டப்படிப்பின் செயற்றிட்டமாகச் சிறு கேர்னல் ஒன்றை எழுதிவருகிறேன். கியூஎமு பாவனையாக்கியில் எச்பெட்டைக் கண்டுபிடித்து, ஒரு மில்லிசெக்கன் காத்திருக்கும் சார்பு சரியாக இயங்குகிறது. அதையே என் மடிக்கணினியில் இயக்கினால் அந்தக் காத்திருக்கும் சுற்றுக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறது, வெளியே வருவதில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?
— ஒரு மாணவர், பதுளை

பதில்: தம்பி, இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் நான் மிகவும் விரும்பிப் படித்தது உங்களுடையது. அட்டவணையில் ஒரு டைமர் எழுதப்பட்டிருப்பது வேறு, அந்த முகவரியில் வன்பொருள் பதில் சொல்வது வேறு, அது எண்ணிக்கொண்டிருப்பது வேறு. பாவனையாக்கியில் மூன்றும் ஒன்றாகவே கிடைத்துவிடும். உண்மையான கணினியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுவ வேண்டும். உங்கள் நிரல் முதலாவதைப் பார்த்துவிட்டு மூன்றாவதை நம்பியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். ஏசிபிஐயின் மூல அட்டவணையில் உள்ள சுட்டிகள் 36 ஆவது பைட்டிலிருந்து ஆரம்பிக்கின்றன. 64 பிட் சுட்டிகளைக் கொண்ட புதிய வகை அட்டவணையிலும் இதே 36 தான். அது 8 ஆல் வகுபடாத எண். அதைச் சாதாரண அணியாக எடுத்து வாசிக்கும் நிரல், சில கொம்பைலர் அமைப்புகளில் பிழையான முகவரிகளைத் தரும். எச்பெட் அட்டவணையின் எல்லாப் பைட்டுகளையும் கூட்டி 256 ஆல் வகுத்தால் மீதி பூச்சியமாக வருகிறதா என்று பாருங்கள். முகவரியை அட்டவணையிலிருந்தே எடுங்கள். வழமையாக அது 4 கிகாபைட் எல்லைக்குச் சரியாக 19 மெகாபைட் கீழே இருக்கும் என்றாலும், அந்த எண்ணை நிரலில் பொறித்துவிட வேண்டாம்.

அடுத்தது, அந்த முகவரியை உங்கள் பக்க அட்டவணையில் (நிரலின் முகவரிகளை உண்மையான முகவரிகளோடு இணைக்கும் அட்டவணை) எப்படி இணைத்தீர்கள் என்பது. சிறு கேர்னல்கள் பலவும் நினைவகத்தின் தொடக்கப் பகுதியை மட்டும் இணைத்துவிட்டு விட்டுவிடுகின்றன. இணைத்திருந்தாலும், கேஷ் செய்யப்படாத (புரோசசர் தன்னுள் நகல் வைத்துக்கொள்ளாத) பக்கமாக அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கேஷ் செய்யும் பக்கமாக விட்டால், முதலில் படித்த எண்ணே புரோசசருக்குள் தங்கி, திரும்பத் திரும்ப வரக்கூடும். வெளியே டைமர் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் நிரலுக்கு அது உறைந்துபோனதாகத் தெரியும். பாவனையாக்கியில் இந்த வேறுபாடு தெரியாது. நீங்கள் விவரிக்கும் முடிவற்ற சுற்றுக்கு இது பொருத்தமான விளக்கம். இதேபோல இன்னொன்று: எச்பெட்டின் எண்ணிக்கை இருக்கும் ரெஜிஸ்டரை (வன்பொருளில் உள்ள சிறு நினைவிடம்) ‘வொலட்டைல்’ என்று அறிவிக்காவிட்டால், கொம்பைலர் அதை ஒரே ஒரு தடவை படித்து, சுற்றுக்கு வெளியே வைத்துவிடும்.

பின்னர் எச்பெட்டின் முதல் ரெஜிஸ்டரைப் படியுங்கள். எல்லா பிட்டுகளும் ஒன்றாக வந்தால் அந்த முகவரியில் பதில் சொல்ல எவருமில்லை. மேல் 32 பிட்டுகளில் ஒரு துடிப்பின் நீளம் ஃபெம்டோசெக்கனில் (நனோசெக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) இருக்கும். அது பூச்சியமாகவோ 100,000,000 க்கு மேலாகவோ இருந்தால் அந்த எச்பெட்டை ஏற்க வேண்டாம். கியூஎமுவில் அந்த எண் 10,000,000, அதாவது 10 நனோசெக்கன். உண்மைக் கணினிகள் பலவற்றில் அது 69,841,279. நாம் மேலே கண்ட 14.31818 மெகாஹேர்ட்ஸ்தான் அது. நீங்கள் 10 நனோசெக்கனை நிலையான எண்ணாக எழுதியிருந்தால், உங்கள் ஒரு மில்லிசெக்கன் உண்மைக் கணினியில் ஏழு மில்லிசெக்கனாக நீளும். சுற்று முடியாமல் போவதற்கு அது காரணமல்ல. ஆனால் முதற்பிழையைத் திருத்தியவுடன் அடுத்ததாக இதைச் சந்திப்பீர்கள்.

இனி எண்ணும் வேலை. தொடக்கத்திலிருந்து 16 ஆவது பைட்டில் உள்ள ரெஜிஸ்டரின் பூச்சியமாம் பிட்டை ஒன்றாக்கினால்தான் முதன்மை எண்ணி ஓடும். பயோஸ் அதை ஓடவிட்டுத்தான் தரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நிறுத்தி, பூச்சியமாக்கி, இயக்கிவிடுங்கள். அடுத்த பிட்டைத் தெரியாமல் ஒன்றாக்கிவிட வேண்டாம்: அது எச்பெட்டின் முதல் டைமரை 8254 இன் இடத்திலும், இரண்டாவதை மதர்போர்ட் கடிகாரத்தின் இடத்திலும் அமர்த்திவிடும், அந்த இரண்டின் இன்டரப்ட்களும் அதன் பின் வரமாட்டா. இயக்கியதும், 240 ஆவது பைட்டில் உள்ள எண்ணியைப் படித்து, சில ஆயிரம் வெற்றுச் சுற்றுகள் ஓடியபின் மறுபடி படியுங்கள். எண் கூடியிருந்தால் மட்டுமே ‘எச்பெட் உண்டு’ என்று உங்கள் கேர்னல் அறிவிக்க வேண்டும். இந்த ஒரு சோதனையை எழுதாமல் எந்த டைமரையும் பாவிக்காதீர்கள்.

எண்ணியின் அகலத்தையும் கவனியுங்கள். சில எச்பெட்டுகள் 32 பிட் மட்டுமே எண்ணும், 14.31818 மெகாஹேர்ட்ஸில் அது 300 செக்கனில், அதாவது ஐந்தே நிமிடத்தில், சுற்றிப் பூச்சியத்துக்கு வந்துவிடும். ‘முடிவு நேரம் வரும்வரை காத்திரு’ என்று எழுதாமல், ‘தொடக்கத்திலிருந்து கடந்தது இவ்வளவா’ என்று கழித்துப் பார்க்கும்படி எழுதினால் அந்தச் சிக்கல் வராது. கழித்தலும் அதே 32 பிட் அகலத்தில் நடக்க வேண்டும். இன்னொரு மறைவான பொறி, எண்ணிக்கையைத் துடிப்பின் நீளத்தால் பெருக்கி ஃபெம்டோசெக்கனில் வைத்திருப்பது. 64 பிட் எண் ஒன்றில் அது 5 மணித்தியாலம் 7 நிமிடத்தில் வழிந்துவிடும். செயற்றிட்ட விளக்கக்காட்சியின்போது தெரியாது. இரவு முழுவதும் ஓடவிட்டால் தெரியும்.

நாளை நீங்கள் எச்பெட்டிலிருந்து இன்டரப்ட் எதிர்பார்க்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் எழுதிய எண்ணை, எழுதி முடிப்பதற்குள் எண்ணி கடந்துவிட்டால், அந்த இன்டரப்ட் எண்ணி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும்வரை வராது. எழுதியதும் எண்ணியை மறுபடி படித்து, இன்னும் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது.

கடைசியாக, எந்தக் காத்திருக்கும் சுற்றுக்கும் ஒரு மேல் எல்லை வையுங்கள். எல்லையைத் தாண்டினால் எச்பெட்டைக் கைவிட்டு பிஎம் டைமருக்குப் போகட்டும். அதன் போர்ட் எண் ஏசிபிஐயின் எஃப்ஏடிடி அட்டவணையில் இருக்கிறது. 24 பிட் வகையாயின் 4.69 செக்கனில் சுற்றிவிடும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டும் இருந்தால், ஒன்றை வைத்து 50 மில்லிசெக்கன் அளந்து மற்றதில் சரிபாருங்கள். நான் ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபாட்டை ஏற்கமாட்டேன். பளிங்குகள் அவ்வளவு பிசகுவதில்லை, பிசகினால் நிரலில்தான் பிழை இருக்கும். இத்தனையையும் திரையில் ஒவ்வொரு வரியாக அச்சிடச் செய்தால், மடிக்கணினி எந்த வரியில் நிற்கிறதோ அங்கேயே உங்கள் விடை இருக்கும்.

கேள்வி: மழையளவைப் பதிவுசெய்ய ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றை வைத்திருக்கிறேன். மின்வெட்டுக்குப் பிறகு பதிவுகளின் நேரம் பின்னோக்கிப் போகிறது. அதில் டைமர் இல்லையா?
— தலவாக்கலை

பதில்: டைமர் இருக்கிறது; நாட்காட்டிதான் இல்லை. ராஸ்பெரி பையில் 8254, எச்பெட் எதுவுமில்லை, கேர்னல் தேடுவதுமில்லை. எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்பது டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஏஆர்எம் புரோசசருக்குள் இருக்கும் எண்ணி, பை 3 இல் 19.2 மெகாஹேர்ட்ஸிலும் பை 4 இல் 54 மெகாஹேர்ட்ஸிலும் ஓடும். மின்சாரம் போனால் அது பூச்சியத்திலிருந்து தொடங்கும். இணைய இணைப்பு வரும்வரை, கடைசியாகக் கோப்பில் சேமித்த நேரத்தையே முறைமை எடுத்துக்கொள்வதால் உங்கள் பதிவுகள் பின்னே போகின்றன.

பை 5 இல் நாட்காட்டிக் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. பட்டறியை மட்டும் இணைத்தால் போதும். மற்றவற்றுக்கு டிஎஸ்3231 என்ற சிறு பலகை ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். அது வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 பாகைவரை பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேல் பிசகாது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். வாங்கும்போது பட்டறியைக் கவனியுங்கள்: கடைகளில் கிடைக்கும் மலிவான பலகைகள் பலவற்றில், பட்டறிக்கு மின்னேற்றும் சுற்று ஒன்று இருக்கிறது. அதில் சாதாரண சிஆர்2032 ஐப் போடக்கூடாது. அது மின்னேற்றத்தக்கதல்ல, வீங்கிக் கசியும். எல்ஐஆர்2032 ஐப் போடுங்கள், அல்லது மின்னேற்றும் பாதையில் உள்ள தடையைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பட்டறியைப் பாவியுங்கள்.